நேரம் விழவைத்து ஜெயிப்பது தப்பா, பாதியில் ஃபோனைக் கவிழ்ப்பது தப்பா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 13 வயது. ஒரு வருடமாக ஃபோனில் செஸ் ஆடுகிறான். போன வாரம் ராணியையும் ஒரு யானையையும் இழந்து நின்ற ஆட்டத்தில், எதிராளியின் நேரம் தீரும்வரை மளமளவென்று நகர்த்தியே ஜெயித்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "இது ஏமாத்து வேலைடா, ஜெயிச்சேன்னு வெளிய சொல்லிக்காத" என்று திட்ட, வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. இன்னொன்றும் சொல்கிறார்: தோற்கப்போவது தெரிந்துவிட்டால் மகன் ஆட்டத்தை அப்படியே விட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். இப்போது கொஞ்ச நேரத்துக்கு ஆட முடியாது என்று ஆப் தடுக்கிறது. இதில் எது தவறு, இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதா, சுற்றிலும் எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் துணையோடுதான் ஆடுகிறார்கள் என்கிறானே, அது உண்மையா என்பது அவர் கேள்வி.

நான் மதுரையில் 16 வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிகளுக்கு ஆர்பிட்டராகவும், அதாவது நடுவராகவும் போவேன். விஷயத்துக்கு நேராகவே வந்துவிடுகிறேன். அப்பா தப்பு என்று சொன்னது தப்பே இல்லை. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த ஃபோன் கவிழ்ப்புதான் தப்பு.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். மூன்று நிமிட பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் இருவர் கையிலும் ஒரே அளவு நேரம்தான் கொடுக்கப்படுகிறது. காய்களைப் போல அதுவும் கைமுதல். எதிராளி இரண்டே முக்கால் நிமிடத்தைச் செலவழித்து யோசித்ததால்தான் அவருக்கு அத்தனை நல்ல நிலை கிடைத்தது. உங்கள் மகன் நேரத்தை மிச்சம் பிடித்தான், காய்களை இழந்தான். அவர் நேரத்தைக் கொடுத்து நிலையை வாங்கினார், இவன் நிலையைக் கொடுத்து நேரத்தை வாங்கினான். கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அவரிடம் நேரம் இல்லை, அவ்வளவுதான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியும் இதையே சொல்கிறது: நேரம் முடிந்தவர் தோற்றவர். ஒரே ஒரு விலக்கு உண்டு. எந்த வழியில் ஆடினாலும் எதிராளியால் மேட் செய்யவே (ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கவே) முடியாது என்ற அளவுக்கு அவரிடம் காய் இல்லாவிட்டால், நேரம் விழுந்தாலும் டிராதான். தனி ராஜாவை வைத்துக்கொண்டு யாரும் நேரத்தில் ஜெயிக்க முடியாது.

அப்பாவிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனை யாரும் குறை சொல்வதில்லை. எவ்வளவு முரட்டுத்தனமாகப் பிடித்தாலும் அது ஆட்டம். வாலைப் பிடித்தால், கொம்பைப் பிடித்தால் மைக்கில் சத்தம் போடுவார்கள். இரண்டும் மாட்டைப் பிடிப்பதுதான், ஆனால் எது எல்லைக்குள் என்பது களத்தில் இறங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். உங்கள் மகன் பிடித்தது திமிலை.

அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை என்றால் வழி இருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். '3+2' என்று போட்டிருக்கும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதில் ராணி கூடுதலாக வைத்திருப்பவர், நகர்வுக்கு நகர்வு இரண்டு விநாடி வந்துகொண்டே இருப்பதால், பொதுவாக முடித்துவிடுவார். நேரத்தை மட்டும் நம்பி ஆடும் பழக்கம் பிள்ளைக்கு வராது. என் மாணவர்களை நான் கூடுதல் விநாடி இல்லாத பிளிட்ஸ் ஆடவே விடுவதில்லை. அதற்குக் காரணம் அறம் அல்ல. அதில் கை வேகம் வளரும், யோசனை வளராது.

இப்போது அந்தக் கவிழ்த்த ஃபோனுக்கு வருகிறேன். பத்து நிமிட ஆட்டம். உங்கள் மகன் கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. இரண்டு நகர்வில் மேட். அவன் எழுந்து சாப்பிடப் போய்விட்டான். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? ஒரு மனிதர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போக முடியாது, போன நேரத்தில் இவன் ஒரு நகர்வு வைத்துவிட்டால் அவர் கடிகாரம் ஓடும். வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவராக இருக்கலாம், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அரைமணி நேரம் கிடைத்த தாயாக இருக்கலாம். அவர் ஒழுங்காக ஆடி ஜெயித்ததற்குத் தண்டனையாக ஏழு நிமிடம் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறான்.

வித்தியாசம் இங்கேதான். ஆட்டத்துக்குள் எதிராளியிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் ராணியை எடுக்கலாம், கடிகாரத்தில் இருக்கும் நேரத்தை எடுக்கலாம், ராஜாவைச் சிக்கவைக்கலாம். அதைக் கொடுப்பதற்குச் சம்மதித்துத்தான் அவர் உட்கார்ந்தார். அவர் சாயங்காலத்தை எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் உங்கள் மகன் எதிராளியின் கடிகாரத்தை வென்றான். இரண்டாவதில் ஒரு மனிதரின் ஏழு நிமிடத்தைத் திருடினான்.

நேரில் ஆடும்போது எந்தப் பிள்ளையும் இதைச் செய்வதில்லை. செய்யவே முடியாது. எதிரில் ஒரு முகம் இருக்கிறது, பக்கத்தில் நான் நிற்கிறேன், சுவரோரம் பெற்றோர் நிற்கிறார்கள். எதிராளியை எந்த வகையிலும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஃபிடே விதியில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய நிலையே பெரும்பாலும் வருவதில்லை. முகம் அந்த வேலையைச் செய்துவிடும். ஆன்லைனில் அந்த முகத்தை நாமே மனசுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நெட் உண்மையாகவே போய்விட்டால் அது வேறு கதை. உசிலம்பட்டிப் பக்கம் மழை வந்தால் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இதில் பெரிய இடங்களே தடுமாறியிருக்கின்றன. 2020-ல் ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாட் காலிறுதியில் இந்தியாவோடு ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்து, அவர் நேரத்தில் தோற்றார். ஆர்மீனியா முறையிட்டது, முறையீடு தள்ளப்பட்டது, அவர்கள் போட்டியிலிருந்தே விலகிவிட்டார்கள். அதே தொடரின் இறுதியில், ஆகஸ்ட் 30 அன்று, ரஷ்யாவோடு ஆடிக்கொண்டிருந்த நம் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போனது. உலகம் முழுக்க பல இணையதளங்களைப் பாதித்த கோளாறு அது. கடைசியில் இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது ஆர்மீனியாவையும் சேர்த்தே சொல்வேன். நமக்குக் கிடைத்த நியாயத்தை மட்டும் பேசினால் பிள்ளைகள் பாதியைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

அதே 2020-ல் இன்னொன்று நடந்தது, இதை உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஓர் ஆன்லைன் தொடரில் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனும் சீனாவின் டிங் லிரெனும் ஆடினார்கள். டிங்கின் இணைப்பு அறுந்து, அந்த ஆட்டம் கார்ல்சனுக்கு வெற்றி என்று ஆனது. விதிப்படி அவருக்கு அது சொந்தம். அடுத்த ஆட்டம் தொடங்கியதும் கார்ல்சன் தன் ராணியைக் கொண்டுபோய் வெட்டுக்கு வைத்துவிட்டு ரிசைன் செய்தார், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டார். கணக்கைச் சமமாக்கிவிட்டுப் பிறகு ஆடினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூனில், நார்வேயில் நம் குகேஷிடம் தோற்றபோது இதே கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. உடனே குகேஷிடம் மன்னிப்பும் கேட்டார். ஒரே மனிதர்தான் இரண்டையும் செய்தார். தோல்வி தாங்க முடியாதது என்பது உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரருக்கே அப்படித்தான். 13 வயதுப் பிள்ளை ஃபோனைக் கவிழ்ப்பது எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் கேட்கிறேன், மேஜையைக் குத்திய பிறகு என்ன செய்யவேண்டும் என்பதையும் அவனுக்கு யாராவது காட்ட வேண்டும்.

அடுத்து எஞ்சின், அதாவது சிறந்த நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் செஸ் மென்பொருள். எல்லாரும் செய்கிறார்கள் என்று மகன் சொல்வது உண்மை இல்லை. ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், என் வகுப்பிலேயே நடந்தது.

ஊரடங்குக் காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் என் மாணவர்களுக்குள் ஆன்லைன் போட்டி நடத்தினேன். எப்போதும் நடுவரிசையில் இருக்கும் ஒரு பையன் அன்று நான்கு ஆட்டமும் ஜெயித்தான். இரவு அவன் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் நகர்விலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றுக்கும் ஆறு ஏழு விநாடி. எதிராளி ராணியை வெட்டுகிறாள், இவன் சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும், வேறு யோசிக்கவே எதுவும் இல்லை. எந்தக் குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு அரை விநாடியில் செய்யும். இவனுக்கு ஆறு விநாடி. நான்கு நகர்வு தள்ளி, நானே ஐந்து நிமிடம் யோசிக்க வேண்டிய ஓர் இடம். அங்கேயும் ஆறு விநாடி. யானையைச் சத்தமில்லாமல் ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தான். ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. எஞ்சினில் போட்டுப் பார்த்தேன், அதன் முதல் தேர்வு அந்த யானை நகர்வு.

மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு, வேறு எதுவும் கேட்காமல், "இந்த யானைய ஏன் தம்பி இங்க வச்ச? எனக்குச் சொல்லிக்குடு" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா ஃபோன்ல போட்டுப் பாத்தேன் சார்" என்றான். "எல்லாரும் ஜெயிக்கிறாய்ங்க சார், நான் மட்டும் தோத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த நான்கு பேருக்கும் அவனே ஃபோன் செய்து சொன்னான். நான்கு புள்ளியும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதில் மேலூரிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "நான் எங்க தப்புப் பண்ணேன்னு ராத்திரி பூரா தேடிக்கிட்டு இருந்தேன் சார்." அவள் தப்பே செய்யவில்லை. இல்லாத தப்பைத் தேடி, சரியாக ஆடியதையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறாள். எஞ்சின் துணையோடு ஆடுகிறவன் ஒரு புள்ளியைத்தான் எடுக்கிறான் என்று நினைக்கிறோம். எதிராளி தன் தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள இருந்ததையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறான்.

பெரியவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட விஸ்வநாதன் ஆனந்த் ஆன்லைனில் பிரபலங்களோடு ஆடினார். அதில் ஒரு தொழிலதிபர் கம்ப்யூட்டர் துணையோடு ஆனந்தை ஜெயித்தார். மறுநாள் அவரே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையை மட்டுமே தான் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

ஆடுபுலி ஆட்டம் நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ கல்மண்டபத் தரைகளில் கீறிக் கிடக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. அதில் ஆடுகிறவர்களைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் விரலை நீட்டி வழி சொன்னால், "பாக்குறவக பாருங்கய்யா, ஆடுறவக ஆடட்டும்" என்று ஒரு சத்தம் வரும். எஞ்சின் அந்த விரல்தான். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடிக்க டீப் ப்ளூ என்ற ராட்சதக் கணினி தேவைப்பட்டது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசமாக அக்காவின் ஃபோனிலேயே கிடைக்கிறது, எந்த உலக சாம்பியனையும் விட அது பலம். விரல் மலிவாகிவிட்டது, அது நீட்டப்படுவதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எஞ்சின் என்ற பொருள் தப்பானது இல்லை. ஆட்டம் முடிந்தபின் அதைப் போட்டுப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். சர்வதேச அஞ்சல்வழி செஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் எஞ்சினைப் பயன்படுத்தவே அனுமதி உண்டு, இருவருக்கும் அது தெரியும். ஆன்லைன் தளங்களில் நாள்கணக்கில் ஆடும் ஆட்டத்தில் தொடக்க நகர்வுகளுக்குப் புத்தகம் பார்க்கலாம், எஞ்சின் பார்க்கக் கூடாது. பிளிட்ஸிலும், அதைவிடச் சற்று நீளமான ரேபிடிலும் எதுவுமே கூடாது. எது கூடும் என்பது உட்காரும் முன் இருவரும் ஒத்துக்கொண்டதைப் பொறுத்தது.

இந்தப் பாடத்தை நான் செஸ்ஸில் கற்கவில்லை, பிரௌசிங் சென்டரில் கற்றேன். 2000-களின் தொடக்கத்தில் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் எட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் விளையாட்டை ஆடுவோம், இரண்டுக்கு இரண்டு. தொடங்கும் முன், "இருவது நிமிஷத்துக்கு யாரும் அடிக்கக் கூடாது மாப்ள" என்று பேசிக்கொள்வோம். விளையாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது, நாங்களே போட்டது. ஒரு நாள் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒருவன் குதிரைப்படையோடு உள்ளே வந்தான். விவசாயிகளைத் தவிர எங்களிடம் யாருமில்லை. "கேம்ல அப்படி ரூல் இருக்கா, காட்டு" என்றான். அவன் கேட்டது சரிதான், கேமில் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவனோடு யாரும் டீம் சேரவில்லை. பேசிக்கொண்ட விதிக்கும் எழுதிய விதிக்கும் ஒரே எடை. அதே நேரம், எதுவும் பேசாமல் தொடங்கிய ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடத்தில் அடித்தால் "இது நியாயமா" என்று கத்தவும் உரிமை இல்லை. சீக்கிரமே தாக்குவதும் ஓர் உத்திதான். காவல் வைக்காதது நம் குறை.

டீம் ஆட்டத்தில் பாதியில் கிளம்புவது செஸ்ஸில் கிளம்புவதைவிடக் கனமானது. மூன்று பேரின் ஆட்டம் போகும். இரண்டாவது கணக்குத் தொடங்கிப் புதுப் பிள்ளைகளை அடித்து நொறுக்கும் பழக்கத்துக்கு ஸ்மர்ஃப் என்று பெயர். 1996-ல் வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் தெரிந்த ஆட்டக்காரர்கள் வேடிக்கைப் பெயரில் ஒளிந்து ஆடியதில் வந்த சொல் அது. தொடங்கியவர்களுக்கு அது விளையாட்டு, ஆட வந்த முதல் வாரத்திலேயே பத்துத் தோல்வி வாங்கும் பிள்ளைக்கு இல்லை.

யாராவது எஞ்சின் வைத்து ஆடுகிறார் என்று உங்கள் மகனுக்குத் தோன்றினால், சாட்டில் "ஏமாத்துற" என்று எழுதக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, நான் மேலே சொன்ன பையன் விஷயத்திலும் அவனே ஒத்துக்கொள்ளும்வரை எனக்கு இருந்தது சந்தேகம்தான். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் போன்றவர்கள் இதையே ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள். ஆட்டக்காரரின் பலத்துக்கு எவ்வளவு துல்லியம் இயல்பு, இவர் நகர்வுகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று கணக்குப் போடுகிறார்கள். தளங்கள் இதோடு நகர்வு நேரங்களையும் பார்க்கின்றன. ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். எதிராளி பிடிபட்டால் இழந்த ரேட்டிங் புள்ளிகளைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள். நன்றாக ஆடிய ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டால் அதைத் திருப்பித் தர வழியில்லை.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். 'ஜிஜி' என்று போடுவது நல்ல ஆட்டம் என்று பொருள். ஆனால் கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுகிறவர்களிடையே அது தோற்பவர் சரணடையும் சொல். ஜெயிக்கப்போகிறவர் முந்திக்கொண்டு போட்டால் அவமானப்படுத்துவதாகவே எடுத்துக்கொள்வார்கள். செஸ்ஸிலும் அதே முறை நல்லது: தோற்றவர் முதலில் சொல்லட்டும், ஜெயித்தவர் நன்றி சொல்லட்டும். 13 வயதுக்குச் சாட்டே தேவையில்லை என்பது என் கருத்து. லிசெஸ் என்ற செஸ் தளத்தில் கிட் மோட் போட்டால் எல்லாப் பேச்சும் நின்றுவிடும்.

ஜெயிக்கிறவருக்கும் கடமை உண்டு. எங்கள் போட்டி ஒன்றில் ஒரு பையன், எதிரில் தனி ராஜா மட்டும் நிற்கும்போது, மேட் செய்யாமல் சிப்பாய்களை ஒவ்வொன்றாக ராணியாக்கினான். மூன்றாவது ராணி வந்ததும் பின்னால் நின்ற கூட்டாளிகள் சிரித்தார்கள். எதிரில் ஒன்பது வயதுக் குழந்தை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இவன் நான்காவது ராணியை வைத்தான். அந்தக் குழந்தை ஒவ்வொரு கட்டமாக விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கியது. ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா, அரைப் புள்ளி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷ், அழுதுகொண்டே பலகையில் காய்களைத் திரும்பத் தொடக்க இடத்தில் அடுக்கி வைத்த வீடியோவை அந்தப் பையனுக்குக் காட்டினேன்.

தடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆட்டத்தை விட்டுப் போகிறவர்களையும் வேண்டுமென்றே நேரத்தை ஓடவிடுகிறவர்களையும் தளம் தானாகக் கண்டுபிடிக்கும். முதலில் சில நிமிடம் தடுக்கும், திரும்பச் செய்தால் நீளும். ஒழுங்காக முடிக்கும் ஆட்டங்கள் சேரச் சேரக் குறைந்துவிடும். கணக்கு போய்விடவில்லை, பயப்பட வேண்டாம். புதுக் கணக்கு மட்டும் தொடங்கித் தராதீர்கள். தோற்கும் நிலையில் அவனுக்கு இரண்டு வழி இருக்கிறது. ரிசைன் பட்டனை அழுத்தலாம், அல்லது மேட் ஆகும்வரை ஆடலாம். அவன் வயதில் கடைசிவரை ஆடுவது மரியாதைக் குறைவு இல்லை, நானே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு நகர்வையும் அவன் வைக்கும்போது ஒரு வாரத்துக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், எதுவும் பேசாமல். முடிந்ததும் இருவருமாக அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கட்டும்.